தோண்டாமலே தெரியும் உப்பு

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது, கிணறுகள் உப்பேறின. அந்த உப்பு எதுவரை வந்திருக்கிறது என்று அறிய ஊரெங்கும் துளை போட வேண்டியதில்லை. நான்கு உலோகக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் மண்ணில் அடிக்கிறார்கள். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட இன்னும் ஆழத்தின் சேதி கிடைக்கும். உப்புநீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். கடல்நீரின் மின்தடைமை ஏறத்தாழ 0.2 ஓம்-மீட்டர்தான். நல்ல நீர் ஊறிய மணலில் அது பல மடங்கு அதிகம்.

களிமண்ணும் குறைந்த தடைமைதானே காட்டும், ஏமாந்துவிட மாட்டோமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஓரிரு இடங்களில் துளையிட்டு, மண்ணையும் நீரையும் எடுத்துச் சரிபார்த்தே தீர வேண்டும். அப்படியானால் முதலிலேயே துளை போட்டுவிடலாமே என்பார்கள். ஒரு துளை அந்த ஓரிடத்தைப் பற்றித்தான் சொல்லும். அதோடு, சரியாக அடைக்காத துளை மேலடுக்கின் மாசைக் கீழே உள்ள நல்ல நீருக்கு இறக்கிவிடும். இதே முறையில் குப்பைமேட்டுக் கசிவைத் தேடும் இடங்களில் அப்படிப்பட்ட துளை பெரிய ஆபத்து. செலவைக் காரணம் காட்டி இந்த மின்தடைமை அளவீட்டைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மழைக்கு முன்பும் பின்பும் அதே கோட்டில் அளந்தால், உப்பு முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.