மெத்தென்ற பொருளில் ஒரு லென்ஸ்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை அமர்வில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அண்ணன் போன் செய்து, "உன் வேலையைப் பத்தி இருபது நிமிஷம் பேசு, எல்லாருக்கும் புரியணும்" என்றார். தலைப்பும் கேட்டார். "மெத்தென்ற பொருள் என்றே போடுங்கள் அண்ணே, மென்பொருள் என்று அச்சடித்துவிட்டால் கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பிகள் வந்து ஏமாந்து போவார்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அழைப்பிதழில் சரியாகவே வந்திருக்கிறது. நன்றி.

நான் இங்கே மெக்கானிக்கல் படித்தவன். இப்போது என் வேலை, தண்ணீர் ஊறி ஜெல்லி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்கில் லேசர் ஒளியால் நுண்ணிய லென்ஸ்களை எழுதுவது. பிறகு எழுதியது சரியா என்று அளந்து பார்ப்பது. முதல் வேலை ஒரு மணி நேரம் என்றால் இரண்டாவது வேலை ஒரு வாரம். அதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். காரணம் உண்டு. நம் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு லேசர் இயந்திரம் வாங்கித் தரலாம் என்று காலையில் பொதுக்குழுவில் பேசினோம். கைதட்டலும் கிடைத்தது. நானும் தட்டினேன். ஆனாலும் என் மனசில் ஒரு மாற்று யோசனை இருக்கிறது.

லென்ஸ் என்றால் கண்ணாடிதானே, அது ஏன் மெத்தென்று இருக்க வேண்டும்? கண்புரை அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-இல் லண்டனில் ஹாரல்டு ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாக மனிதக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். அது அக்ரிலிக், கெட்டியான பொருள். லென்ஸ் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குக் கண்ணைத் திறக்க வேண்டும். இன்றைக்கு மெத்தென்ற லென்ஸை மடித்து மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு கீறல் வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். உள்ளே போய் அது தானே விரிந்துகொள்கிறது. இந்த லென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்து காட்டிய ஊர் நம் மதுரை. அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-இல் அதைத் தொடங்கியது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கண்ணுக்குள் அந்த லென்ஸ் இருக்கக்கூடும்.

சரி, மெத்தென்ற பொருளை எப்படிக் கடைவது? முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் மைல்டு ஸ்டீல் கம்பியை லேத்தில் மாட்டி ஸ்டெப் டர்னிங் போட்டோமே, அந்த மாதிரி ஊறிய ஜெல்லியைச் சக்கில் மாட்ட முடியாது. ஆகவே காய்ந்த நிலையில், கெட்டியாக இருக்கும்போதே, வைர முனை உளியால் கடைகிறார்கள். பிறகு உப்புநீரில் ஊறப் போடுகிறார்கள். இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஹெமா என்ற ஜெல் பிளாஸ்டிக் எடையில் 38 சதவிகிதம் தண்ணீர் குடிக்கும். குடித்ததும் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெருக்கும். நம் வீட்டில் உளுந்து ஊறுகிற கதைதான்.

பெருத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். தட்டையான பரப்பில் வளையம் வளையமாக எழுதும் லென்ஸ் உண்டு. கலங்கரை விளக்கத்தில் இருக்கும் ஃப்ரெனல் லென்ஸின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் 50 மில்லிமீட்டர் குவியத் தூரம் வேண்டும், பச்சை ஒளி 0.55 மைக்ரான் என்றால், நடு வட்டத்தின் ஆரம் 0.23 மில்லிமீட்டர் வரும். 3 மில்லிமீட்டர் ஆரம் வரை போனால் 160-க்கு மேல் வளையங்கள், கடைசி வளையத்தின் அகலம் 9 மைக்ரான். தலைமுடியைவிட எத்தனையோ மெல்லியது. ஆனால் லேசருக்கு அது பெரிய விஷயமே இல்லை. இந்த வகை லென்ஸில் குவியத் தூரம் ஆரத்தின் வர்க்கத்தோடு போகும். காய்ந்த பொருளில் எழுதிவிட்டு ஊறவைத்தால் ஆரம் 1.2 மடங்கு, குவியத் தூரம் 1.44 மடங்கு. 50 என்று எழுதியது 72 ஆகிவிடும்! அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெருத்தால்தான் இந்தக் கணக்கு. ஒரு பக்கம் கூடக் குறையப் பெருத்தால் பிம்பம் இழுத்துக்கொள்ளும்.

அப்படியானால் ஊறிய நிலையிலேயே எழுதினால் என்ன? உளியால் முடியாது, ஒளியால் முடியும். இதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1949-இல் பி.எஸ்ஸி., அடுத்த ஆண்டு எம்.எஸ்ஸி. முடித்து அமெரிக்கா போனவர். நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 193 நானோமீட்டர் புற ஊதா லேசரைப் பிளாஸ்டிக் தகட்டின் மேல் அடித்தால், அடித்த இடம் கருகாமல் சுத்தமாகப் பெயர்ந்து போவதைக் கண்டார். 1981 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய் அதன் மேல் அதே லேசரை அடித்துப் பார்த்தார். சுற்றியுள்ள சதை வேகவில்லை, விளிம்பு கத்தி வைத்தாற்போல் இருந்தது. கூடவே உழைத்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலோடு சேர்ந்து மாட்டுக் கண்ணில் செய்த சோதனை வெளிவந்தது. இன்று லேசர் வைத்துக் கண்ணாடியைக் கழற்றுகிறார்களே, அந்த சிகிச்சையின் வேர் அந்த வான்கோழித் துண்டில் இருக்கிறது. ஒரு துடிப்புக்குக் கார்னியாவில் கால் மைக்ரான் அளவுக்குத்தான் பெயரும்.

ஏன் கருகவில்லை? அந்த ஒளியின் ஒரு துகளில் 6.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. கரிமப் பிணைப்பை அறுக்க 3.6 போதும். சூடாக்கி உருக்காமல், நேராகப் பிணைப்பிலேயே கைவைக்கிறது. மேற்பரப்பிலேயே உறிஞ்சப்படுவதால் ஆழத்துக்கு எட்டுவதில்லை. எட்டாததே அதன் குறையும்கூட. ஜெல்லின் மேற்பரப்பைத்தான் செதுக்கலாம். உள்ளே எழுத முடியாது. மேற்பரப்பில் பள்ளம் மேடு இருந்தால் கண்ணுக்குள் அழுக்கும் புரதமும் வந்து ஒட்டும். இமைக்கடியில் போடும் லென்ஸ் என்றால் உறுத்தும்.

அடுத்த கட்டம் ஃபெம்டோ நொடி லேசர். ஒரு துடிப்பின் நீளம் ஒரு நொடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். அகச்சிவப்பை ஒட்டிய அந்த ஒளிக்கு ஜெல் ஒரு ஜன்னல் கண்ணாடி மாதிரி. தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். குவியும் புள்ளியில் மட்டும் நெரிசல் தாங்காமல் இரண்டு ஒளித்துகள்கள் ஒரே சமயத்தில் ஒரே மூலக்கூறில் மோதும். இப்படி நடக்க முடியும் என்று மரியா கோப்பெர்ட் மேயர் 1931-லேயே தாளில் எழுதிக் காட்டிவிட்டார். செய்து பார்க்க லேசர் வரும்வரை உலகம் காத்திருந்தது. அந்தப் புள்ளியில் பொருளின் ஒளிவிலகல் எண் கொஞ்சம் மாறும், மேற்பரப்பில் கீறல்கூட விழாது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேய்ன் நாக்ஸ் குழுவினர் 2000-களின் நடுவில் ஹைட்ரோஜெல்லில் இதைச் செய்து காட்டினார்கள். நூறில் சில பங்குதான் மாற்றம். 0.05 என்று வைத்தால், ஒரு முழு அலைநீள வித்தியாசம் உண்டாக்க 0.55-ஐ 0.05-ஆல் வகுத்து 11 மைக்ரான் ஆழம் போதும். ஒரு சாதாரண கான்டாக்ட் லென்ஸின் நடுப்பகுதியே 100 மைக்ரான் அளவில் இருப்பதால் இடம் தாராளம்.

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று. கண்ணுக்குள் வைக்கும் சில அக்ரிலிக் லென்ஸ்களில், ஒளி பட்ட இடம் தண்ணீரை அதிகம் இழுக்கிற இடமாக மாறுகிறது. நீர் சேர்ந்ததால் அங்கே விலகல் எண் குறைகிறது. அதாவது லேசர் பாதி வேலைதான் செய்கிறது, மீதியைத் தண்ணீர் செய்கிறது! ஏற்கெனவே கண்ணுக்குள் வைத்த லென்ஸின் பவரைப் பிற்பாடு திருத்த இந்த முறையை முயல் கண்ணில் சோதித்திருக்கிறார்கள். மனிதர்களிடம் வேறொரு வழி வந்தேவிட்டது. புற ஊதா ஒளி காட்டித் திருத்தும் சிலிக்கோன் லென்ஸுக்கு அமெரிக்காவில் 2017-இல் அனுமதி கிடைத்தது. அதில் ஒளி பட்ட இடத்தை நோக்கிச் சின்ன மூலக்கூறுகள் நகர்ந்து வந்து லென்ஸின் வளைவையே மாற்றுகின்றன. நோயாளி, கடைசியாக ஒளியால் பூட்டும்வரை தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அறுபது வயது அம்மாவிடம் போய் "கண்ணாடி வேண்டாம்னுதான் இந்த லென்ஸ், ஆனா சில வாரம் இந்தக் கண்ணாடியைக் கழட்டாதீங்க" என்று சொல்ல வேண்டும். எந்த டாக்டருக்கும் அது சங்கடமான பேச்சுதான்.

இனி அளப்பது. ஊறிய ஜெல்லை மேசைமேல் வைத்தால் சில நிமிஷத்தில் காயத் தொடங்கும், காய்ந்தால் சுருங்கும். ஊசிமுனை வைத்துப் பரப்பை அளக்கும் கருவி ஜெல்லை அமுக்கிப் பள்ளம் பண்ணிவிட்டு அந்தப் பள்ளத்தையே அளவு என்று காட்டும். காற்றில் அளந்தால் எண்ணே வேறு. ஊறிய ஹெமாவின் விலகல் எண் 1.44, கண்ணுக்குள் இருக்கும் நீருக்கு 1.336. காற்றோடு வித்தியாசம் 0.44, கண்ணீரோடும் உள்நீரோடும் 0.10 சொச்சம். கண்ணுக்குள் 20 டையாப்டர் இருக்கும் வளைந்த லென்ஸை வெளியே எடுத்து அப்படியே காற்றில் அளந்தால் 80-ஐத் தாண்டிக் காட்டும். அதனால் உப்புநீர்த் தொட்டிக்குள் வைத்து, 35 டிகிரியைச் சுற்றிச் சூட்டை நிறுத்தி, ஒளி அலையின் வடிவத்தை வைத்து அளக்க வேண்டும். இன்று ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை, ஆறு மாதம் கழித்து இன்னொருமுறை. கருத்தரங்குகளில் பளபளவென்று நுண்லென்ஸ் படம் போடுவார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த அழகான படம், வெற்றிடத்தில் காயவைத்து எடுத்தது. நான் கையைத் தூக்கிக் கேட்பது ஒரே கேள்வி: "உப்புநீரில் எத்தனை நாள் இருந்தது?" பல சமயம் பதில் வராது. என்னைக் கண்டாலே சிலர் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது நம் கல்லூரி விஷயம். காலையில் பேசிய இயந்திரம் கார்பன் டை ஆக்சைடு லேசர். 10.6 மைக்ரான் அலைநீளம். தண்ணீர் அதை விரும்பிக் குடிக்கும். ஜெல்லின் மேல் அடித்தால் நீர் கொதித்து, கொழுக்கட்டை வெடித்த மாதிரி ஆகும். சிலிக்கோன் ரப்பரில் அடித்தால் வெள்ளைத் தூள் மிஞ்சும். "மெத்தென்ற பொருளில் நேரடியாக எழுதலாம்" என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஃபெம்டோ லேசர் வாங்குவோம் என்றால் நம் சங்கத்தின் பல வருஷச் சந்தா போதாது.

ஆனால் அந்தச் சின்ன இயந்திரத்தாலும் ஒரு நல்ல வேலை நடக்கும். அக்ரிலிக் தகட்டில் அதை ஒரு இடத்தில் நிறுத்தி அடித்தால் பொருள் உருகி, ஆவியாகி, வழவழப்பான குழி விழும். அந்தக் குழியில் சிலிக்கோன் ரப்பர்க் கலவையை ஊற்றி, காற்றுக் குமிழ் நீக்கி, 60, 70 டிகிரியில் சில மணி நேரம் வைத்து உரித்தெடுத்தால் குவிந்த குட்டி லென்ஸ் கையில் இருக்கும். செல்போன் கேமரா முன்னால் ஒட்டினால் வெங்காயத் தோலின் செல் தெரியும். மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் ஒரு செமஸ்டரில் செய்துவிடுவார்கள்.

மெத்தென்ற கான்டாக்ட் லென்ஸைக் கண்டுபிடித்த ஓட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிராக் நகரில் தன் வீட்டுச் சமையலறை மேசையில், பிள்ளைகள் விளையாடும் மெர்க்கூர் செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து முதல் லென்ஸ்களைச் சுழற்றி வார்த்தார். மேலிடம் ஆராய்ச்சிக்கு ஆதரவை நிறுத்தியிருந்த நேரம் அது. அந்த லென்ஸைத் தன் கண்ணிலேயே போட்டுப் பார்த்தார். பவர் சரியில்லை, ஆனால் உறுத்தவில்லை.

ஆகவே என் யோசனை இது. இயந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பெரிய மாடல் வேண்டாம், சிறியதே போதும். மிச்சப் பணத்தில் சூடு நிறுத்தும் ஒரு உப்புநீர்த் தொட்டி, நீரில் முங்கும் முனையுள்ள நுண்ணோக்கி, அலைவடிவம் அளக்க ஒரு சென்சார், இவை மூன்றும் வாங்குவோம். இயற்பியல் துறையில் இடம் தரச் சம்மதம் என்று எங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மதுரைப் பக்கமும் கோவைப் பக்கமும் லென்ஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நீருக்குள் அளந்து தர ஒரு கல்லூரி இருக்கிறது என்று தெரிந்தால் மாதிரிகளை அனுப்பிப் பார்ப்பார்கள். எங்கள் செட்டில் பன்னிரண்டு பேர் பங்கு தருவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். விலைப் பட்டியலைச் செயலாளர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலைப் பொதுக்குழு மீண்டும் கூடும்போது இதையும் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சிலிக்கோன் லென்ஸ் ஐந்தாறு பையில் இருக்கிறது. தம்பி தங்கைகள் சாப்பிட்டு முடித்ததும் வாருங்கள், போனைக் கொண்டு வாருங்கள்.