ஏலி செய்த உதவி



இன்று நல்லாயன் ஞாயிறு. திருத்தந்தை புனித ஆறாம் பவுல் 1964-இல் தொடங்கிவைத்த இறையழைத்தலுக்கான உலக செப நாளும் இதுவே. நல்ல குருக்களைத் தரும்படி எல்லாப் பங்குகளிலும் மன்றாடுகிறோம். அந்த மன்றாட்டுக்குக் குரல் கொடுப்பவர்களில், இளங்குருமடத்தில் சில ஆண்டுகள் படித்துவிட்டு வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இன்று அவர்களோடு பேச விரும்புகிறேன்.

விருத்தாசலம், சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊர்களில் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: “சாமியாருக்குப் படிக்கப் போய்த் திரும்பி வந்தவர்.” ஆசிரியராகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெயர் போவதில்லை. இதைக் கேட்டு வளரும் சிறுவன் தன் ஆசையை வெளியே சொல்ல அஞ்சுகிறான். “பாதியில் வந்துவிட்டால் ஊர் என்ன பேசும்?” என்று பெற்றோரும் தயங்குகிறார்கள்.

திருச்சபை அப்படி நினைக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய ஏட்டில், இளங்குருமட மாணவர் வேறு வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொண்டால் இடையூறின்றிப் படிப்பைத் தொடரும்படி பாடங்கள் அமைய வேண்டும் என்கிறது. இறையழைத்தலை வளர்ப்பது கிறிஸ்தவச் சமூகம் முழுவதன் கடமை என்றும் சொல்கிறது.

1844-இல் பொன்னாந்து ஆண்டகை புதுச்சேரியில் கூட்டிய மன்றம், இம்மண்ணின் மக்களைக் குருக்களாக உருவாக்குவதைத் தலையாய பணியாகக் கருதியது. அதே ஆண்டு பிறந்த பெத்தி செமினார் பள்ளியின் பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் ‘சிறு குருமடம்’ என்றே பொருள். அங்கே படித்தவர்களில் சிலர் பீடமேறினார்கள். பலர் இல்லறம் ஏற்றார்கள். இருவரும் திருச்சபையின் பிள்ளைகளே.

சாமுவேலை நினைத்துப் பாருங்கள். அன்றிரவு ஆண்டவர் அழைத்தது சிறுவனைத்தான். முதியவர் ஏலிக்கு அந்தக் குரல் வரவில்லை. ஆனாலும் அது யாருடைய குரல் என்று கண்டுகொண்டவர் ஏலி. எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவரும் அவரே.

குருமடத்தில் படித்த அன்பர்களே, உங்களுக்கும் அந்தக் குரல் பழக்கம். விடியற்கால மணியும், முதல் மாத வீட்டு ஏக்கமும் உங்களுக்குத் தெரியும். உங்கள் பங்கிலிருந்து குருமடம் சென்றிருக்கும் மாணவன் விடுமுறைக்கு வந்தால் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். அவன் திணறும் பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஏழைப் பிள்ளையானால் சிலர் சேர்ந்து, பங்குத்தந்தை வழியாக அவன் படிப்புச் செலவைத் தாங்குங்கள். திருநாளில் மகனைப் பிரிந்திருக்கும் தாயைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒருவன் பாதியில் திரும்பி வந்தால், ஊர் பேசத் தொடங்குமுன் அவன் வீட்டுப் படியை முதலில் ஏறுங்கள். திரும்பி வருபவனுக்கு மரியாதை இருக்கும் ஊரில்தான், அடுத்த பிள்ளை பயமின்றிப் புறப்படுவான்.

கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.