முறுக்கின் திசை



பழவேற்காட்டு ஏரிக்கரையில் மடவை மீனுக்குச் செதில் சீவும் பெண்களின் கையில் ஒட்டியிருக்கும் செதில் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவும். வளைவளைவாக மெல்லிய கோடுகள் தெரியும். மடக்கினால் ஒடியாமல் வளையும். அந்த உறுதியைத் தருவது கொலாஜன் என்ற புரதம்.

அதன் வடிவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் வெளியிட்டார். மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என்று 1955-இல் இருவரும் செம்மைப்படுத்தினார்கள். படகின் நங்கூரத்தில் கட்டும் முப்புரிக் கயிற்றைப் பிரித்தால், புரி ஒரு பக்கமும் கயிறு எதிர்ப்பக்கமும் முறுக்கியிருக்கும். கொலாஜனும் அப்படித்தான். ஒவ்வொரு சங்கிலியும் இடம்புரி. மூன்றும் சேர்ந்த முறுக்கு வலம்புரி. கயிற்றைத் தலைகீழாகப் பிடித்தாலும் முறுக்கின் திசை மாறாது. கண்ணாடியில் மட்டுமே மாறித் தெரியும். இப்படித் தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறுகளைக் கைரல் மூலக்கூறுகள் என்கிறோம். டி.என்.ஏ.வும் இறால் ஓட்டிலுள்ள கைட்டினும் இந்த வகையே.

மூலக்கூறின் இந்த முறுக்கு எலக்ட்ரானையும் தொடுகிறது. எலக்ட்ரானுக்கு ஸ்பின் என்ற இயல்பு உண்டு. அதனால் ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு நுண்ணிய காந்தம். அதன் ஸ்பின்னை அளந்தால் இரண்டு நிலைகளில் ஒன்றே கிடைக்கும். இந்த இரண்டையும் பிரித்தெடுக்க வழக்கமாக இரும்பு போன்ற காந்தப் பொருளையே நாடுவார்கள்.

1999-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்த ரான் நாமனும் அவரது குழுவினரும் கைரல் மூலக்கூறுகளாலான மெல்லிய படலத்தின் வழியே எலக்ட்ரான்களைச் செலுத்தினார்கள். ஒரு ஸ்பின் கொண்டவை எளிதாகக் கடந்தன. மற்றவை அவ்வளவாகக் கடக்கவில்லை. அதன் கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறை வைத்தபோது முடிவும் தலைகீழானது. 2011-இல் இரட்டை இழை டி.என்.ஏ. படலத்தில் இந்த விளைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. வெளிவந்த நூறு எலக்ட்ரான்களில் எண்பதுக்கு மேல் ஒரே ஸ்பின், அதுவும் சாதாரண அறை வெப்பநிலையில்! எலக்ட்ரானின் ஓட்டத்துக்கும் ஸ்பின்னுக்கும் உள்ள பிணைப்பே இதன் அடிப்படை என்கிறார்கள். ஆனால் கார்பன் போன்ற இலேசான அணுக்களில் அந்தப் பிணைப்பு மிக மெலிது. விளைவு மட்டும் ஏன் இவ்வளவு பெரிது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பயனும் கண்முன்னே இருக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும்போது, ஆக்சிஜன் உண்டாகும் மின்முனையில் கைரல் மூலக்கூறுகளைப் பூசியபோது, வேண்டாத ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாவது குறைந்தது. ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக, ஒரே திசை ஸ்பின் கொண்ட எலக்ட்ரான்கள் தேவை என்பதே காரணம்.

உயிர்கள் வலம், இடம் பார்த்தே தம்மைக் கட்டிக்கொள்கின்றன. அது வடிவத்தோடு நிற்பதில்லை, எலக்ட்ரான் வரைக்கும் எட்டுகிறது. ஏன் இவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதற்கான விடையை ஏரிக்கரைப் பள்ளிகளில் இன்று படிக்கும் பிள்ளைகளும் தேடலாம். கொலாஜனின் முறுக்கு சென்னையில்தானே அவிழ்ந்தது!