குரல் போனாலும் பேச்சு உண்டு



புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுமையாக அகற்றும் அறுவை சிகிச்சையை முதன்முதலில் செய்தவர் வியன்னாவைச் சேர்ந்த டாக்டர் தியோடர் பில்ரோத். அது நடந்தது 1873 டிசம்பர் 31-இல். இன்று கோலாலம்பூரிலும் இச்சிகிச்சை செய்யப்படுகிறது.

சிகிச்சைக்குப் பின் நோயாளி மூக்கால் சுவாசிப்பதில்லை. கழுத்தில் அமைக்கப்படும் துளையே ஆயுள் முழுவதும் மூச்சு வழி. சளி அடைத்துத் திணறினாலும் அவரால் கூப்பிட முடியாது. எனவே, தாதியரின் பராமரிப்புத் திட்டத்தில் இரண்டு கேள்விகள் முதலிடம் பெறுகின்றன. மூச்சு தடையின்றிப் போகிறதா? தேவையைத் தெரிவிக்க அவருக்கு வழி இருக்கிறதா?

முதல் கேள்விக்குச் சளி உறிஞ்சும் கருவி, ஈரப்பதமூட்டிய காற்று, தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை ஆகியவை பதில். இரண்டாவதை அறுவைக்கு முன்பே திட்டமிட வேண்டும். கிள்ளானில் தோட்டப்புறத்தில் வளர்ந்த முதியவருக்குத் தமிழ் மட்டுமே எழுதத் தெரிந்திருக்கலாம். அவரிடம் மலாய் அட்டையை நீட்டி என்ன பயன்? எழுத்தே அறியாதவருக்கு வலி, மூச்சுத் திணறல், கழிப்பறை ஆகியவற்றைக் காட்டும் பட அட்டை வேண்டும். எழுதும் கையைத் தவிர்த்து மறு கையில் ஊசி ஏற்றுவதும், அழைப்பு மணியைக் கைக்கெட்டும்படி வைப்பதும் செலவில்லாத காரியங்கள்.

வீடு திரும்புமுன், துளையைச் சுத்தம் செய்வதைக் குடும்பத்தார் தாதியர் முன்னிலையில் தாமே செய்து பழக வேண்டும். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் புகக்கூடாது. புகைமூட்டமும் ஆபத்தே. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்தில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குக் காற்று கெட்டது. அத்தகைய நாட்களில், தூசியை வடிகட்ட மூக்கின் துணை இல்லாத இவர்கள் வீட்டுக்குள் இருப்பதே நல்லது.

பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் இப்படி ஒருவர் மயங்கி விழுந்தால், வாய்வழி காற்று ஊதிப் பயனில்லை. பிராணவாயுவைக் கழுத்துத் துளையில்தான் தர வேண்டும். இதை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை அவர் பையில் எப்போதும் இருக்கட்டும்.

உணவுக்குழாய் வழிப் பேச்சு, கழுத்தில் வைக்கும் மின்கருவி, செயற்கைக் குரல் வால்வு எனப் பேச மூன்று வழிகள் உண்டு. பயிற்சிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை உறவினர் அவருக்காகப் பதில் சொல்ல முந்த வேண்டாம். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அவரிடமே கேளுங்கள், எழுதி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.