ஒருவர் உள்ளே வந்துவிட்டால் கதவு திறந்துவிட்டது என்று பொருளா?

(மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கார் பந்தயத்தைப் பற்றி இந்த மேடையில் எதற்குப் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். கோடிக்கணக்கில் பணம் புரளும் விளையாட்டு அது. ஆனால் நாம் அன்றாடம் எதிர்கொள்ளும் ஒரு வாதம் அங்கேயும் இருக்கிறது. "கறுப்பினத்தவர் ஒருவர் ஏழு முறை உலகச் சாம்பியன் ஆகிவிட்டார். பிரிட்டன் அரசு 'சர்' பட்டமும் கொடுத்துவிட்டது. இன்னும் என்ன நிறவெறி, பாகுபாடு என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?" இதுதான் அந்த வாதம். இதற்கு அந்தச் சாம்பியனே சொன்ன பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அவர் பெயர் லூயிஸ் ஹாமில்டன். 1985இல் இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையின் பெற்றோர் கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து பிழைப்புக்காக பிரிட்டன் வந்தவர்கள். தாய் வெள்ளையர். ஐந்து வயதிலேயே கராத்தே கற்றுக்கொண்டார். பொழுதுபோக்குக்காக அல்ல, தன் நிறத்தைச் சொல்லி அடிக்க வரும் பிள்ளைகளிடமிருந்து தப்பிக்க.

எட்டு வயதில் 'கார்ட்' எனப்படும் சிறு பந்தய வண்டியை ஓட்டத் தொடங்கினார். பந்தயத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள். இவர் தந்தையோ, மகனின் பந்தயச் செலவுக்காக ஒரே நேரத்தில் நான்கு வேலைகள்கூடப் பார்த்தார். சன்னல் கண்ணாடி விற்றார், பாத்திரம் கழுவினார், வீட்டுத் தரகர்களுக்கு விளம்பரப் பலகை நட்டார். பத்து வயதில் மகன் பிரிட்டிஷ் கார்ட்டிங் பட்டம் வென்றான். பதின்மூன்று வயதில் மெக்லாரன் அணி அவனைத் தன் இளம் ஓட்டுநர் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகுதான் பணக் கவலை தீர்ந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கேட்போம். தகுதி, திறமை என்கிறார்களே, அது அந்தச் சிறுவனிடம் இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனால் அது மட்டும் போதுமானதாக இருந்ததா? ஒரு தந்தையின் நான்கு வேலையும், ஒரு பெரிய நிறுவனத்தின் கையும் சேர்ந்த பிறகுதானே அந்தத் திறமை வெளியே தெரிந்தது! தன் குடும்பத்தைப் போன்ற ஒரு குடும்பத்திலிருந்து இன்று ஒரு பிள்ளை கிளம்பினால் பார்முலா 1 வரை வர முடியாது என்று ஹாமில்டனே சொல்லியிருக்கிறார்.

2007இல் பார்முலா 1 பந்தயத்துக்கு வந்தார். முதல் ஆண்டிலேயே ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டத்தைத் தவறவிட்டார். அடுத்த ஆண்டு பிரேசிலில் நடந்த கடைசிப் பந்தயத்தில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் ஒரு காரை முந்தி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 23.

அதே 2008இன் தொடக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? பார்சிலோனாவில் அவர் கார் ஓட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, பார்வையாளர்கள் சிலர் முகத்தில் கறுப்பு மை பூசி, "ஹாமில்டனின் குடும்பம்" என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு வந்து கேலி செய்தார்கள். கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் அவர்கள் கண்ணுக்கு நிறம்தான் தெரிந்தது.

பிறகு மெர்சிடிஸ் அணிக்கு மாறி மேலும் ஆறு பட்டங்கள் வென்றார். மொத்தம் ஏழு. ஷூமாக்கரின் சாதனைக்கு இணை. பந்தய வெற்றிகளின் எண்ணிக்கையில் ஷூமாக்கரின் 91ஐத் தாண்டி நூறுக்கும் மேல் போனார். ஏழு பட்டம் வென்ற பிறகு ஏச்சு நின்றதா? இல்லை. 2021 ஜூலையில் சொந்த நாட்டில், சில்வர்ஸ்டோனில் வென்ற அன்றே சமூக வலைத்தளங்களில் அவர் மீது நிறவெறி வசவு கொட்டப்பட்டது. மூன்று முறை உலகப் பட்டம் வென்ற நெல்சன் பிக்கே பேட்டி ஒன்றில் அவரை நிறத்தைக் குறிக்கும் சொல்லால் சுட்டியதும், பின்னர் மன்னிப்புக் கேட்டதும் 2022இல் உலகமே பார்த்த செய்தி.

2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டார். ஹாமில்டன் சும்மா இருக்கவில்லை. தன் விளையாட்டில் உள்ள பெரிய நட்சத்திரங்கள் ஏன் வாய் மூடி இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். அவருடைய அணி வெள்ளி நிறக் காரைக் கறுப்பாக்கியது. அந்த ஆண்டின் முதல் பந்தயத்தில், ஆஸ்திரியாவில், இருபது ஓட்டுநர்களில் பதினான்கு பேர் மண்டியிட்டார்கள், ஆறு பேர் நின்றார்கள். காவல்துறையால் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிரியானா டெய்லருக்கு நீதி கேட்கும் சட்டையோடு இத்தாலியில் வெற்றி மேடை ஏறினார். உடனே, மேடையில் பந்தய உடையைக் கழுத்துவரை மூடித்தான் நிற்க வேண்டும் என்று விதி வந்தது! கொலை செய்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்க ஆன காலத்தைவிட, சட்டையின் மீது நடவடிக்கை வேகமாக வந்துவிட்டது.

ஆனால் தோழர்களே, மண்டியிட்டதையும் சட்டையையும்விட முக்கியமான வேலை ஒன்றை அவர் செய்தார். "என்னைக் காட்டி, பார் மாறிவிட்டது என்று சொல்லாதீர்கள்" என்ற பொருளில் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் துறை இது, அவர்கள் யார் என்று பாருங்கள் என்றார். ராயல் பொறியியல் கழகத்தோடு சேர்ந்து ஆணையம் ஒன்றை அமைத்தார். 2021 ஜூலையில் அறிக்கை வந்தது. பார்முலா 1 துறையில் கறுப்பினப் பணியாளர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று அது சொன்னது.

ஏன் இல்லை? வாசலில் "கறுப்பர் வரக்கூடாது" என்று யாரும் பலகை மாட்டவில்லை. அறிக்கை காட்டிய வழி வேறு. பள்ளியிலேயே கறுப்பினப் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பைக் குறைத்து வைக்கிறார்கள். கணிதம், இயற்பியல் பக்கம் போக ஊக்கமில்லை. பள்ளியை விட்டு நீக்குவதிலும் கரீபியன் வழிப் பிள்ளைகளே அதிகம். ஹாமில்டனே தான் செய்யாத குற்றத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, முறையீட்டுக்குப் பிறகு குற்றமற்றவர் என்று தெரிந்தவர்தான். இதையெல்லாம் தாண்டிப் படித்து வந்தாலும், அணிகள் குறிப்பிட்ட சில பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்தே ஆள் எடுக்கின்றன. தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் வருகிறார். இதற்குத்தான் 'திறமை அடிப்படையில் தேர்வு' என்று பெயர்!

காரை ஓட்டுபவர் ஒருவர். அதை வடிவமைப்பவர், பொருத்துபவர், சக்கரம் மாற்றுபவர், கணக்குப் போடுபவர் என்று அவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர். நிலையான சம்பளமும் மரியாதையும் உள்ள வேலைகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான் அவருடைய அறிக்கை, அடுத்த ஹாமில்டனைத் தேடுவதோடு நிற்காமல், உதவித்தொகை, தொழில் பழகுநர் இடங்கள், கறுப்பின ஆசிரியர்கள் என்று கேட்டது. தன் சொந்தப் பணம் 2 கோடி பவுண்டு ஒதுக்கி 'மிஷன் 44' என்ற அமைப்பையும் தொடங்கினார்.

1950 முதல் பார்முலா 1 உலகப் போட்டிகளில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் ஓட்டியிருக்கிறார்கள். 1986இல் வில்லி ரிப்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கருக்கு ஒரு பார்முலா 1 காரைச் சோதனைக்கு ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தது. பந்தயத்தில் இடம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இருபத்தோரு ஆண்டுகள் கழித்து ஹாமில்டன் வந்தார். அவருக்குப் பிறகு இன்றுவரை இன்னொரு கறுப்பினத்தவர் வரவில்லை.

ஆகவே, "ஒருவர்தான் வந்துவிட்டாரே" என்று யாராவது உங்களிடம் சொன்னால், "இரண்டாவது ஆள் எங்கே?" என்று கேளுங்கள். வென்றவர் தன் வெற்றியைச் சுவருக்குச் சாட்சியாக நிறுத்த விடவில்லை. சுவரைக் கைகாட்டினார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.