பல்கலைக்கழகத்தின் ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

 

யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவரை ஊரில் எல்லோரும் ‘வாத்தியார்’ என்றே அழைத்தோம். அவர் சம்பளம் வாங்கிய வாத்தியார் அல்ல. பகலில் மூட்டை தூக்கினார்; இரவில் எங்கள் தெருவின் அம்பேத்கர் இரவுப் பாடசாலையை நடத்தினார். அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டு அவரே துடைப்பார். அந்த விளக்கடியில் வாய்ப்பாடு படித்தவன் நான். பின்னாளில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். அவரைப் புகழ்ந்து பேசினால் அவருக்கே பிடிக்காது. எனவே அவர் செய்த வேலையின் தொடர்ச்சியான ஒரு சிறு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன்: பல்கலைக்கழக வளாகங்களில் பள்ளிக் குழந்தைகளுக்காக நடக்கும் வார இறுதி வகுப்புகள்.

இது நல்ல ஏற்பாடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் 2002-இல் ‘குழந்தைகள் பல்கலைக்கழகம்’ தொடங்கியது. பேராசிரியர்கள் விரிவுரைக் கூடத்தில் நின்று, குழந்தைகள் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். நம் நாட்டில், புனே பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஐயூக்கா என்ற வானியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே இரண்டாம் சனிக்கிழமைகளில் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் உரைகள் நடத்தியிருக்கிறார்கள். மராத்தியிலும் நடத்தினார்கள் என்பது முக்கியம். அரவிந்த் குப்தா பல ஆண்டுகள் அங்கிருந்து வேலை செய்தார். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் இவற்றைக் கொண்டே வடிவியலும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்தார். காசில்லாத பிள்ளையின் கையிலும் அறிவியல் நிற்கும் என்று காட்டியவர் அவர்.

இதையெல்லாம் பார்த்துத்தான் நாங்களும் எங்கள் வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினோம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நாற்பது குழந்தைகள். அறிவிப்பு இணையதளத்தில், ஆங்கிலத்தில் வந்தது. கட்டணம் ஐந்நூறு ரூபாய். இரண்டே நாளில் இடம் நிரம்பிவிட்டது. எங்களுக்குப் பெருமையாக இருந்தது. வந்த நாற்பது பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் ஞாயிறு ஊசித்துளைக் காமிரா செய்தோம். அட்டைப் பெட்டி, எண்ணெய் தடவிய காகிதம், ஒரு துளை. வெளியே நிற்கும் வேப்பமரம் உள்ளே தலைகீழாக விழுந்தபோது குழந்தைகள் கத்தினார்கள். அப்போது சன்னல் பக்கம் திரும்பினேன். வராந்தா பெஞ்சில் ஒரு பெண் குழந்தை, பத்து வயதிருக்கும், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் மகள். எங்கள் வகுப்புக்காகத்தான் அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்திருந்தார்.

என்னோடு இருந்த சக பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பாருங்க சார், ஏகலைவன் மாதிரி!” பாராட்டாகத்தான் சொன்னார். ஏகலைவனுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். எழுந்து போய் அந்தக் குழந்தையை உள்ளே கூப்பிடவில்லை. பட்டியலில் நாற்பது பெயர், நாற்பது பெட்டி, அடுத்த தடவை பார்க்கலாம் என்று நினைத்தேன். இரவுப் பாடசாலையில் படித்து வந்த நான்தான் இப்படி நினைத்தேன்.

மூன்றாவது வாரம் பெஞ்ச் காலியாக இருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“இங்க உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார். ஊட்லயே உட்டுட்டு வந்துட்டேன்.”

“யாரும்மா சொன்னது?”

“யாரோ சொன்னாங்க, உடுங்க சார்.”

அடுத்த பருவத்தில் ஒப்பந்தக்காரர் மாறினார். அந்த அம்மா வேலையில் இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை. தேடும்போதுதான் தெரிந்தது, அந்தக் குழந்தையின் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

தோழர்களே, அடுத்த ஆண்டு வேறு விதமாகத் தொடங்கினோம். கட்டணத்தை எடுத்தோம். அறிவிப்பைத் தமிழில் எழுதி, பக்கத்து ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு நேரில் போய்ச் சொன்னோம். முப்பது பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது பன்னிரண்டு பேர். முதல் நாளே வாயிற்காவலர் “யாரப் பாக்கணும்?” என்று அவர்களை நிறுத்தினார். அதே நேரத்தில் கார்கள் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஆய்வுக்கூடத்துப் படியில் பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பைப் பார்த்த பிறகு, ‘எல்லோருக்கும் கதவு திறந்துதானே இருக்கிறது’ என்று பேசுவதை நான் விட்டுவிட்டேன்.

மற்ற பதினெட்டுப் பேர் ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஆர்வம் இல்லாமல் இல்லை. பேருந்துக் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாய் வேலைக்குப் போனால் மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வழி இல்லை. ஞாயிறன்று ஷெட்டில் சும்மா நிற்கும் பல்கலைக்கழகப் பேருந்தைக் கேட்டோம். அனுமதி வாங்க நான்கு மாதம் ஆயிற்று. விடுதிச் சமையலறையிலிருந்து முட்டையும் சாம்பார் சோறும் வந்தது. தம்பி தங்கைகளையும் அழைத்து வரச் சொன்னோம். மூலையில் பாய் விரித்தோம். ஆய்வு மாணவர்கள் மாறி மாறி அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முப்பது பேரும் வந்தார்கள்.

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளும் இவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பெற்றோர் காரணம் சொல்லாமல் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மற்றவர்கள் தங்கினார்கள்.

ஒலி பற்றிய வகுப்பில், இழுத்துக் கட்டிய தோல் ஏன் உரக்க, உயர்ந்த சுருதியில் ஒலிக்கிறது என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, தன் மாமா பறையைத் தீயில் காட்டி எடுப்பதையும், ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிப் போவதையும் சொன்னான். இழுவிசை பற்றி நான் கரும்பலகையில் எழுத வேண்டியதன் பாதியை அவனே சொல்லிவிட்டான். இந்த வகுப்புகளை ‘அறிவு வளமூட்டும் வகுப்பு’ என்கிறார்கள். அன்று வளம் பெற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவனைப் பறையோடு நிறுத்திவிட்டு, ‘பாரம்பரிய அறிவு’ என்று கைதட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. அடுத்த வாரம் அவன் கேட்டது ரேடியோ அலைகளைப் பற்றி.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. ஜோதிராவும் சாவித்திரிபாயும் 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். 1855-இல் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினார்கள். அவர்களுடைய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, அதே 1855-இல், தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதி அச்சேற்றினார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது இருக்கும். இன்று அந்தப் பல்கலைக்கழகம் சாவித்திரிபாய் பூலே பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழகத்தில், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது 1916-இல். அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது 1929-இல். நம் பள்ளி முந்தியது.

ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரலாறு உண்டு. பூலேயின் தோழர், சத்திய சோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 1890-இல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. தொழிலாளி கேட்டு வாங்கிய அந்த நாளில், தொழிலாளியின் மகள் வராந்தாவில் உட்காரக் கூடாது என்றால், நாம் யாருடைய ஞாயிற்றுக்கிழமையில் வகுப்பு நடத்துகிறோம்?

இட ஒதுக்கீடு நம் பிள்ளைக்குப் பதினேழு வயதில் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பேராசிரியரின் பிள்ளை அந்த வளாகத்தில் மூன்று வயதிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறது. நூலகத்தின் வாசனை அதற்குத் தெரியும். நம் பிள்ளை முதல் நாள் உள்ளே வரும்போது, நுழைவுச் சீட்டைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, யாராவது நிறுத்துவார்களோ என்று பார்த்துக்கொண்டே நடக்கிறது. அந்தப் பயம் மதிப்பெண்ணில் தெரியாது. விடுதி அறையில் தெரியும். பாதியில் படிப்பை விட்டு ஊருக்குத் திரும்பும் பேருந்தில் தெரியும். ஒன்பது வயதிலேயே அந்த வாயிலைப் பத்து முறை கடந்த பிள்ளைக்கு அந்தப் பயம் குறையும். வார இறுதி வகுப்பின் பெரிய பயன் இதுதான். காமிராவும் காந்தமும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்க வேண்டியவை சில. பொதுப் பணத்தில் நிற்கும் வளாகத்தில் நடக்கும் குழந்தைகள் வகுப்புக்குக் கட்டணம் கூடாது. பாதி இடமாவது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்கும் வேண்டும். மாநிலத்தில் அப்படி நலப் பள்ளிகள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பேருந்தும் சாப்பாடும் வகுப்பின் பகுதியாக வேண்டும். தமிழில் சொல்லித்தர வேண்டும். பட்டியலின் முதல் பெயர்கள், அந்த வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும், கழிவறை கழுவும், தோட்டம் பார்க்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும்.

இங்கே பல்கலைக்கழகங்களில் வேலை செய்யும் நம் தோழர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் துறைக் கட்டடத்தின் வராந்தாவைப் பாருங்கள். அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால், முதலில் பெயரைக் கேளுங்கள். பிறகு உள்ளே கூட்டிப் போங்கள். நாற்பத்தொன்றாவது பெட்டிக்கு ஒரு அட்டை எப்படியும் கிடைக்கும்.

வாத்தியார் வகுப்பில் பட்டியல் இருந்ததில்லை. வாசலில் யார் நின்றாலும் “உள்ள வாடா, உள்ள வாம்மா” என்பார். விளக்கை இன்னும் கொஞ்சம் தூண்டிவிடுவார். நான் செய்யத் தவறியது அதைத்தான். நீங்கள் தவறாதீர்கள்.

ஜெய்பீம்.