சிந்தாமணி படித்த வீடு
(வெள்ளகோவிலில் மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)



1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பாடங்கேட்ட அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என நீண்டதொரு பட்டியலை அடுக்கினார். முதலியார் வியப்பு எய்தவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று மட்டும் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கருக்கே அந்நூல் புதிதாயிருந்தது.

கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஆயினும் சமணக் கோட்பாடுகள் விளங்காமையால் பல பாடல்கள் பூட்டிய பெட்டியாகவே கிடந்தன. திறவுகோல் தொலைவில் இல்லை. அதே ஊரில் சமண இல்லங்களில் இருந்தது. ஐயர் சந்திரநாத செட்டியாரின் இல்லத்தை நாடிச் சென்ற நாளில், வாயிலில் தோரணமும் கோலமும் பொலிந்தன. ஏதோ விசேடம் போலும் என்று கருதி வினவினார். ஆறு மாதமாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்துகிறது என்று விடை வந்தது!

சிந்தாமணியில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. ஆறு மாதத்தில் முடிப்பதாயின் நாளொன்றுக்குப் 17 பாடல்களேனும் படித்தாக வேண்டும். பட்டத்திற்காகவோ பரிசிலுக்காகவோ அன்று. படித்து முடித்தமைக்கே தோரணம் கட்டிய வீடு அது. ஐயர் அவர்களிடம் ஐயம் தெளிந்தார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறியது. பதிப்பித்த பெருமை ஐயருக்கே உரியது, ஐயமில்லை. ஆனால் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்து அதனைப் படித்துக் காத்தவர்களை நாடு அவ்வளவாக நினைப்பதில்லை.

இன்று வெள்ளகோவில் போன்ற ஊர்களில் வாழும் சமணக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி வேறு, கடைமொழி தமிழ். பிள்ளைகளுக்கோ தமிழ்ச் செய்யுள் என்பது மனப்பாடப் பகுதி. தேர்வு முடிந்தவுடன் மறக்கத்தக்கது. இந்நிலை தமிழ் வீடுகளிலும் அதுவே என்பது ஆறுதல் ஆகாது. தமிழ் இலக்கியத்தில் சமணர் படைத்த பகுதி எவ்வளவு பெரிது என்று அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிடக்கூடும்.

சிறுவர்க்கு எங்கே தொடங்குவது? சிந்தாமணியில் அன்று. அந்நூலை இயற்றிய திருத்தக்கதேவரே முதலில் பாடியதாகச் சொல்லப்படும் நரிவிருத்தத்தில் தொடங்கலாம். யானையும் வேடனும் பாம்பும் ஒருங்கே மாண்டு கிடக்க, ஒவ்வொன்றும் எத்தனை நாளுக்கு உணவாகும் என்று நரி கணக்கிடுகிறது. சிக்கனம் கருதி முதலில் வில்லின் நரம்பைக் கடித்து உயிரிழக்கிறது. வணிகர் வீட்டுப் பிள்ளைகள் இக்கணக்கை விரைவில் புரிந்துகொண்டு சிரிப்பார்கள். அடுத்து, முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு. பாட்டுதோறும் ஒரு பழமொழி பொதிந்திருத்தலால் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை வென்றுவிடக்கூடிய நூல் இது ஒன்றே. நாலடியாரையோ நாளுக்கொரு பாட்டாகப் பெற்றோர் உரக்கப் படித்தல் வேண்டும். நானூறு பாடல்கள், ஓராண்டும் ஒரு மாதமும் சில நாள்களும் ஆகும். பொருள் முழுதும் உடனே விளங்க வேண்டுவதில்லை. ஓசை செவியில் தங்கினால், பொருள் வயதோடு வந்து சேரும்.

பழைய நூல்களோடு நிற்க வேண்டும் என்பதன்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘மலரும் மாலையும்’ மழலையர்க்கும் முதியோர்க்கும் ஒரே அட்டைக்குள் இடந்தந்த நூல். வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்கெனப் பாடிய அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ படிக்கும் முன்பே பாடத் தோன்றுவது. ஆண்டுதோறும் நடைபெறும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் பிள்ளைகளிடம் ஒரு தொகையைக் கொடுத்து, அவர்களையே தேர்ந்தெடுக்க விடலாம். பெரியவர் தேர்ந்து கொடுக்கும் நூல் பெரும்பாலும் அலமாரிக்கே சென்று சேருகிறது.

கொங்கு நாட்டார்க்கு இன்னொரு கடமை உண்டு. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊராகிய விசயமங்கலம் இவ்வூரிலிருந்து தொலைவன்று. அங்கே சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயிலும் நிற்கின்றது. அக்காவியத்தில் சங்கப் புலவர் ஐயம் எழுப்ப, கொங்குவேளிர் தம் வீட்டுப் பணிப்பெண்ணைக் கொண்டே விடை கூறுவித்தார் என்பது கொங்குமண்டல சதகம் போற்றும் மரபு. வரலாறாயினும் கதையாயினும், பணிப்பெண்ணுக்கும் காவியம் தெரிந்த வீட்டைக் கொங்கு நாடு பெருமையாக எண்ணியது என்பது மெய்.

அப்பெருங்கதையை 1924ஆம் ஆண்டில் ஐயர் பதிப்பித்தபோது ஏட்டின் முன்பகுதியும் இறுதிப் பகுதியும் கிடைக்கவில்லை. பொய்யாக ஒரு யானையைச் செய்து நிறுத்தி, யானைப் பித்தனாகிய உதயணனைச் சிறைப்பிடித்த நிகழ்ச்சி முன்பகுதியில் வருவது. குழந்தைகள் வாய்பிளந்து கேட்கத்தக்க இடம். கதை இன்னதென்று பிற நூல்களால் அறியலாம். விசயமங்கலத்துப் புலவர் அதனை எச்சொற்களால் பாடினார் என்பது எந்த வீட்டிலும் மிஞ்சவில்லை.